கடைசி இரண்டு முதலில் வந்தால்

எனக்குப் பேச்சு திக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாயால் சொல்வதென்றால் 'தி' என்ற எழுத்திலேயே நின்றுகொண்டிருப்பேன், நீங்கள் காபி குடித்து டம்ளரைக் கழுவியே வைத்துவிடலாம். காகிதத்தில் எனக்குத் திக்குவதில்லை. அதனால் எழுதும்போது கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள், பல வருஷத்துப் பாக்கி.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஒரு பழமொழி உண்டு. அதை என் முன்னால் சொல்லாத உறவுக்காரரே கிடையாது. சொல்லிவிட்டு ஆளுக்கொரு வைத்தியமும் சொல்வார்கள். நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு படி என்றார்கள், ஒன்றை விழுங்கித் தொலைத்தேன். "மூச்சை இழுத்துவிட்டு நிதானமா பேசுப்பா" என்பவர்களைத்தான் என்னால் தாங்கவே முடியாது. நிதானமாகத்தானே ஐயா பேசிக்கொண்டிருக்கிறேன்! ஒரு வார்த்தைக்கு அரை நிமிஷம் எடுத்துக்கொள்கிறேன், இதைவிட என்ன நிதானம் வேண்டும்?

அவர்களையும் மன்னித்துவிடுவேன். என் வார்த்தையை எடுத்து முடித்துவைப்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். நான் 'ப' என்று ஆரம்பித்தால் போதும், எதிரில் இருப்பவர் "பாலா? பழமா? பணமா?" என்று ஏலம் விடுவார். எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் பல்லாவரத்தில் பஸ் ஏறி, பம்மல் என்று கேட்க வாயைத் திறந்தேன். 'ப' என் உதட்டிலேயே ஒட்டிக்கொண்டது. கண்டக்டர் நின்று பார்த்தார்.

"இன்னா சார், பொழிச்சலூரா? சீக்கிரம் சொல்லு சார், பின்னால கூட்டம் நிக்குது."

தலையை ஆட்டிவிட்டேன். இல்லை என்று சொல்வதைவிட ஆமாம் என்று தலையாட்டுவது சுலபம். பம்மலுக்கு அப்பால்தான் பொழிச்சலூர், அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு பம்மலில் இறங்கினால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் இன்னொரு தடவை, தாம்பரம் என்று கேட்கப்போய்த் 'த'விலேயே நின்றபோது ஒரு கண்டக்டர் திருநீர்மலை டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டார். பஸ்ஸும் அந்தப் பக்கம்தான் போனது. போன இடத்தில் மலையேறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு நடந்தே வீடு வந்தேன். அக்கா கேட்டதற்கு, வேண்டுதல் என்று எழுதிக் காட்டினேன்.

அப்போது இரும்புலியூரில் அக்கா வீட்டில் இருந்தேன். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபிறகு அக்காதான் எனக்கு எல்லாம், வாயும் அவள்தான். கடைக்காரரிடம், டாக்டரிடம், வீட்டுக்காரம்மாவிடம் எனக்காக அவளே பேசுவாள். நான் முதல் எழுத்தை ஆரம்பித்தால் மிச்சத்தை அவள் முடித்துவிடுவாள். ஒருபோதும் தப்பாக முடித்ததில்லை. அதில்தான் எனக்கு இன்னும் எரிச்சல். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தால் அப்புறம் நான் எதற்கு?

எம்.எஸ்.ஸி. கணக்கு முடித்து பி.எட்.டும் படித்திருந்தேன். பாரிமுனைப் பக்கம் ஒரு பதிப்பகத்துக்குக் கணக்கு நோட்ஸ் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பேச வேண்டாத வேலை. தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்கு ரயில் சீசன் டிக்கெட் வைத்திருந்தேன், அதனால் கவுன்ட்டரிலும் பேச வேண்டாம். காலையில் போய் உட்கார்ந்து எழுதிவிட்டுச் சாயங்காலம் திரும்பினால், நாள் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஓட்டிவிடலாம். பல நாள் அப்படித்தான் ஓட்டினேன்.

அந்த ரயிலில்தான் ஒரு எண் எனக்குக் கிடைத்தது. வேலை மெனக்கெட்டு ஒரு பழைய தாளின் வலது ஓரத்தில் 2 என்று எழுதினேன். அதை இரட்டித்து இடப்பக்கத்தில் 4. அதை இரட்டித்து 8. எட்டிரண்டு பதினாறு, 6 போட்டுக் கையில் ஒன்று. ஆறிரண்டு பன்னிரண்டு, கையில் இருந்த ஒன்றோடு பதின்மூன்று, 3 போட்டுக் கையில் ஒன்று. இப்படியே வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டே போனேன். எங்கே போய் நிற்கும் என்ற யோசனையே இல்லை. பதினெட்டு இலக்கம் ஆனதும் 1 வந்தது, கையில் ஒன்றும் இல்லை. ஒன்றை இரட்டித்தால் 2. ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டேன். தாளில் இருந்தது இது:

105263157894736842

இதில் கடைசியில் இருக்கும் 2ஐ எடுத்து முன்னால் வைத்துப் பாருங்கள். 210526315789473684. இது முந்தைய எண்ணைப் போலச் சரியாக இரண்டு மடங்கு. பெருக்கவே வேண்டாம். நமக்குத்தான் தாம்பரம் ரயில் பழக்கமாயிற்றே. தாம்பரத்தில் வந்து நிற்கும் வண்டி பீச்சுக்குத் திரும்பும்போது கடைசிப் பெட்டி முதல் பெட்டியாகிவிடும். இங்கே ஒரே ஒரு இலக்கம் பின்னால் இறங்கி முன்னால் ஏறிக்கொள்கிறது, மொத்த எண்ணும் இரண்டு மடங்காகிவிடுகிறது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. குரோம்பேட்டையில் இறங்க எழுந்தவர் என் மடியைப் பார்த்து "லாட்டரியா சார்?" என்றார். எண்ணை நடுவில் வெட்டி ஒன்பது ஒன்பது இலக்கமாக்கிக் கூட்டினேன். 105263157, 894736842. கூட்டினால் எல்லாம் ஒன்பது. பத்தொன்பதால் பெருக்கினேன். முன்னால் ஒரு 1, பின்னால் ஒரு 8, நடுவில் வரிசையாக ஒன்பதுகள். என்ன அழகு! இந்த எண்ணை வாயால் சொல்வதானால் ஆயிரத்து ஐம்பத்திரண்டு கோடியே அறுபத்து மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது கோடி என்று ஆரம்பித்து, அப்புறமும் நாற்பத்தேழு லட்சம் பாக்கி இருக்கும். நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பொங்கல் வந்துவிடும். ஆனால் எழுத ஒரு வினாடியும் தயக்கமில்லை. எனக்கென்றே செய்துவைத்த எண் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி நான் எண்ணோடு விளையாடிக்கொண்டிருந்தபோது வீட்டில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒரு வங்கியில் வேலை பார்த்தார். அவருக்குப் பதவி உயர்வோடு திருச்சிக்கு மாற்றல் வந்தது. திருச்சியில் அவருடைய அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். ஏற்கெனவே ஒருமுறை வந்த மாற்றலை மாமா வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தார், காரணம் நான்தான். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்தத் தடவையும் மறுத்தால் இனிக் கேட்க மாட்டார்கள்.

"அவனும் எங்களோட வரட்டுமே" என்றார் மாமா. நல்ல மனுஷர். ஆனால் இருபத்தேழு வயசுத் தடியன் அக்கா பின்னால் டிரங்குப் பெட்டி மாதிரிப் போவதா? முடியாது என்று தலையாட்டிவிட்டேன்.

"அப்ப நானும் வரலீங்க" என்றாள் அக்கா. "இவனைத் தனியா விட்டுட்டு எப்படி வருவேன்? ராத்திரி காய்ச்சல்னா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி என்ன சொல்லுவான்? நாலு பேர் நடுவுல பேசிப் பொழைக்கிற மாதிரி ஒரு வேலை கிடைக்கட்டும். அப்புறம் எங்க வேணா வரேன்."

மாமா எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். அன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே இருந்தார். போட்ட சட்டையையே மறுபடியும் போட்டார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பேசிப் பிழைக்கும் வேலை என்றால், எம்.எஸ்.ஸி., பி.எட்.டுக்கு வாத்தியார் வேலைதான். அதற்கு டெமோ கிளாஸ் எடுத்துக் காட்ட வேண்டும். நிஜ வகுப்பில், நிஜப் பிள்ளைகளுக்கு முன்னால், பின்பெஞ்சில் நிர்வாகத்தார் உட்கார்ந்து பார்க்க, ஒரு பாடம் நடத்த வேண்டும். அதற்குமுன் இரண்டு பள்ளிகளில் எடுத்துக் காட்டியிருந்தேன். ஒன்றில் 'பின்னம்' என்ற வார்த்தையைத் தாண்டவில்லை. இன்னொன்றில் என் பெயரையே தாண்டவில்லை.

மாமா பதில் சொல்ல வேண்டிய வாரத்தில்தான் பம்மலில் ஒரு பள்ளியிலிருந்து டெமோவுக்குக் கூப்பிட்டுக் கார்டு வந்தது. இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு ஒரு விஷயம் சின்ன வயசிலிருந்தே தெரியும். தனியாகப் பேசினால்தான் திக்கும். நாலு பேரோடு சேர்ந்து சொன்னால் திக்காது. பள்ளிக்கூடத்தில் வகுப்பே சேர்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது என் குரல் தண்ணீர் மாதிரி ஓடும். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. ஆகவே வகுப்பு முழுவதையும் வாய்ப்பாடு சொல்ல வைத்துவிட்டால் பிழைத்தேன். அதற்கு என் எண்ணைவிட வேறென்ன வேண்டும்? இரண்டாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும், எழுதிவிடலாம்.

எட்டாம் வகுப்பு. உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து, இழுத்துப் பாடினார்கள். "வணக்கம் ஐயா!"

நான் பதிலுக்கு 'வ' என்றேன். அதோடு சரி. பின்பெஞ்சில் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். பக்கத்தில் தாளாளர், விரலில் நாலைந்து மோதிரம். நான் சட்டென்று திரும்பிக் கரும்பலகையின் வலது கோடியில் 2 எழுதினேன்.

"சார், இன்னா சார், அந்தாண்ட ஸ்டார்ட் பண்றீங்கோ?" என்று ஒரு பெண் கேட்டாள். வகுப்பு சிரித்தது. நான் பதில் சொல்லாமல் மேலே '× 2' என்று எழுதி, சாக்பீஸால் 2ஐத் தட்டிக் காட்டினேன்.

"ஈரெண்டு நாலு!" என்றார்கள். 4 எழுதித் தட்டினேன். "நாலிரண்டு எட்டு!" 8ஐத் தட்டினேன். "எட்டிரண்டு பதினாறு!" ஆறை மட்டும் எழுதிவிட்டு இடது கையில் ஒரு விரலை நீட்டிக் காட்டினேன். யாரோ ஒருத்தி ராகம் போட்டுச் சொன்னாள், "ஆறு போடு, கையில ஒண்ணு!" அவ்வளவுதான், வகுப்பு மொத்தமும் அந்த ராகத்தைப் பிடித்துக்கொண்டது. "ஆறிரண்டு பன்னெண்டு, ஒண்ணு சேத்தா பதிமூணு, மூணு போடு, கையில ஒண்ணு!"

நானும் சேர்ந்துகொண்டேன். வந்தது! ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. அவர்களைவிடச் சத்தமாகக் கத்தினேன். பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு வாத்தியார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் 1 எழுதினதும் நிறுத்தினேன். முதல்பெஞ்சுப் பெண்ணைக் கூப்பிட்டு, கீழே அந்த எண்ணை இரண்டால் பெருக்கச் சைகை காட்டினேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு பெருக்கி முடித்தாள். நான் மேலே இருந்த எண்ணின் கடைசி 2ஐ அழித்தேன். அதை முன்னால் எழுதினேன். இரண்டு வரியும் ஒன்றாக இருந்தது.

ஐயோ, அந்தக் கூச்சல்! "சூப்பர் சார்! மேஜிக் சார்!" என்று பெஞ்சைத் தட்டினார்கள். தாளாளர் தானே எழுந்து வந்து ஒவ்வொரு இலக்கமாக விரலை வைத்துச் சரிபார்த்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போது பின்னாலிருந்து தலைமையாசிரியையின் குரல் வந்தது.

"நல்லா இருக்கு சார். ஏன் இப்படி வருதுன்னு பிள்ளைங்களுக்கு விளக்கிச் சொல்லுங்க."

செத்தேன். விளக்கத்தைச் சேர்ந்து பாட முடியாதே. எனக்கு மாமாவின் இஸ்திரிப் பெட்டி ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன்.

"ஒவ்வொரு இலக்கமும், அதோட வலது ப... ப..."

உதடு ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"பக்கம்!" என்று வகுப்பு முழுக்க ஒரே குரலில் கத்தியது.

கண்ணைத் திறந்தேன். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை, இரக்கமும் இல்லை. அடுத்தது என்ன என்று கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊர் வகுப்பில் வாத்தியார் பாதிச் சொல்லை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பார்ப்பார், பிள்ளைகள் மீதியை முடிப்பார்கள். "ஒன்றும் ஒன்றும் ரெ..." என்பார், "ரெண்டு!" என்பார்கள். பிறந்ததிலிருந்து அவர்கள் கேட்ட பாடமெல்லாம் அப்படித்தான். நான் திக்கியதை, இந்த சார் நம்மைக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்!

"பக்கத்துல இருக்கிறதைப் போல ரெண்டு ம... ம..."

"மடங்கு!"

"அப்ப மொத்த எண்ணையும் ரெண்டால பெ..."

"பெருக்கினா!"

"ஒவ்வொரு இலக்கமும் ஒரு இடம் வலப்பக்கமா த... த..."

"தப்பாயிடும்!" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்து, "இல்ல சார், தள்ளிக்கும்!" என்றார்கள். அவள் கரும்பலகையைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, "ஆமா சார், தள்ளிக்கினு போவுது" என்று தானே ஒத்துக்கொண்டாள்.

"எல்லாம் தள்ளிக்கிட்டா, கடைசி ரெண்டுக்கு அங்க இ..."

"இடம் இல்ல!"

"அது எங்க வ..."

"வண்டி மாதிரி சுத்திக்கினு முன்னால வரும் சார்!" என்றாள் முதலில் சிரிப்பு மூட்டிய பெண். நான் 'வரும்' என்று மட்டும்தான் சொல்ல வந்தேன். அவள் சொன்னது நன்றாக இருந்தது.

என் வார்த்தையை யாராவது முடித்துவைத்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்குக் கொதிக்கவில்லை. தலைச் சுமையை ஒவ்வொருத்தராக வந்து ஒரு கை பிடித்து இறக்கிவைத்த மாதிரி இருந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. சாக்பீஸ் கையோடு அழுதால் கண்ணெல்லாம் எரியும் என்று அடக்கிக்கொண்டேன்.

தாளாளர் கிளம்பிப் போய்விட்டார். தலைமையாசிரியை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நிறைய பேர் வர்றாங்க சார். கடகடன்னு ஒப்பிச்சிட்டுப் போயிடறாங்க. பிள்ளைங்க வாயைத் தொறக்க விடறதில்ல. நீங்க நிறுத்தி நிறுத்தி அவங்களையே யோசிச்சு முடிக்க விடறீங்கன்னு தாளாளருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. எந்த டிரெயினிங்ல கத்துக்கிட்டீங்கன்னு கேக்கச் சொன்னார்."

ஆமாம், டிரெயினிங்தான் என்று தலையாட்டிவிடலாம். பொழிச்சலூருக்கு ஆட்டிய தலைதானே. ஆனால் இது பஸ் டிக்கெட் இல்லை. நாளைக்கும் இதே அறைக்கு வர வேண்டும்.

"டிரெயினிங் இல்ல மேடம். எனக்குத் தி... தி... தி..."

அவர் என் வார்த்தையை எடுத்துக்கொள்ளவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். மின்விசிறி கடகடத்தது.

"...திக்கும்."

"தெரியும் சார். வணக்கம்னு ஆரம்பிச்சீங்களே, அப்பவே தெரியும். அதுக்காகத்தான் விளக்கச் சொன்னேன். தினமும் பேச வேண்டிய வேலை, நின்னு சமாளிப்பீங்களான்னு பாக்கணும் இல்லையா? தாளாளர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். திங்கட்கிழமை வந்துடுங்க." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார், "ஒரே கணக்குக்கு ஒரு சாக்பீஸை முழுசா தீர்த்துட்டீங்க. இங்க அவ்வளவு தர முடியாது."

பல்லாவரம் வரைக்கும் நடந்தேன். பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் யாரிடமும் பேசத் தோன்றவில்லை, முதலில் சொல்ல வேண்டியவள் ஒருத்தி இருந்தாள். தாம்பரத்தில் ரயில் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டோரமாக வெயிலில் வேர்த்து விறுவிறுக்க வீட்டுக்கு வந்தேன்.

அக்கா அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். மாமா ஹாலில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார், பக்கம் திரும்பவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். வேர்வையும் சாக்பீஸ் தூளுமாக இருந்த முகத்தில் அவளால் எதையும் படிக்க முடியவில்லை.

"என்னடா ஆச்சு?"

"வே... வே..."

"வேலை" என்றாள் அக்கா பழக்கதோஷத்தில். உடனே வாயை மூடிக்கொண்டாள்.

"வேலை கி... கி... கி..."

அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இருபத்தேழு வருஷம் நான் ஆரம்பித்ததையெல்லாம் முடித்தவளுக்கு, இதன் முடிவு மட்டும் தெரியவில்லை. கிடைத்தது என்று அவள் சொல்லி, நான் இல்லை என்று தலையாட்டிவிட்டால்? கிடைக்கவில்லை என்று அவள் வாயால் எப்படிச் சொல்லுவாள்? முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். எனக்குச் சீக்கிரம் சொல்லிவிட வேண்டுமென்று தவிப்பு. தவிக்கத் தவிக்க அந்தக் 'கி' இன்னும் இறுகியது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"...கிடைச்சிருச்சுக்கா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், நடுவில் சிரித்தாள், "பாவி, இதைச் சொல்ல இவ்வளவு நேரமாடா" என்று என் காலில் ஓங்கி ஒரு அடி போட்டாள். மாமா போய் அடுப்பை அணைத்தார். பிறகு உள்ளே போய் டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, தூசி தட்ட ஆரம்பித்தார்.